சிங்க்கில் தண்ணீர் தேங்கித் தேங்கி இறங்குகிறதா? அடைப்பு எங்கே என்று முதலில் கண்டுபிடியுங்கள்

நான்காவது மாடி ஃப்ளாட், இரண்டு மாதமாகச் சமையலறை சிங்க்கில் தண்ணீர் தேங்கித்தான் இறங்குகிறது, அடைப்பு நீக்கும் பவுடரை மூன்று தடவை போட்டும் ஒவ்வொரு தடவையும் ஒரு வாரம் நன்றாக ஓடிவிட்டுப் பழையபடி ஆகிவிட்டது, அடியில் இருக்கும் டிராப்பைக்கூடக் கழற்றிக் கழுவியாகிவிட்டது, இதைவிடப் பலமான பவுடர் எது என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள வேண்டியது இது ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்பதை. அது தெரிந்துவிட்டால் பவுடரே தேவைப்படாமல் போகலாம். நான் கட்டடங்களில் குழாய் வேலை பார்க்க ஆரம்பித்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது, அதில் பாதிக்கு மேல் அடுக்குமாடிக் கட்டடங்கள்தான். உங்கள் லைனை நேரில் பார்க்காமல் இன்ன இடத்தில்தான் அடைப்பு என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அதை நீங்களே கண்டுபிடிக்க வழி இருக்கிறது, அரை மணி நேரமும் ஒரு வாளியும் போதும்.

முதலில் குழாய்க்குள் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். சமையலறை சிங்க்கிலிருந்து போகும் குழாய் பெரும்பாலும் 40 மி.மீ. குழாய்தான், சில கட்டடங்களில் 50. சிங்க்குக்கு அடியில் வளைந்தோ புட்டி மாதிரியோ இருப்பது டிராப். அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும், அந்தத் தண்ணீர்தான் சாக்கடை நாற்றம் வீட்டுக்குள் வராமல் தடுக்கிறது. (1775-ல் அலெக்சாண்டர் கம்மிங் கழிப்பறைக்காகக் காப்புரிமை வாங்கிய எஸ் வளைவின் அதே யோசனைதான், இன்றைக்கும் மாறவில்லை.) டிராப்பைத் தாண்டியதும் குழாய் சுவருக்குள்ளோ தரைக்கு அடியிலோ படுக்கையாகக் கொஞ்ச தூரம் போய், எல்லா மாடிக்கும் பொதுவான செங்குத்துக் குழாயில் சேரும். இந்தப் படுக்கைக் குழாய்தான் எல்லோரும் மறந்துவிடுகிற இடம். டிராப்பைக் கழற்றிக் கழுவியும் சரியாகவில்லை என்று யார் சொன்னாலும் என் சந்தேகம் நேரே அங்கேதான் போகும்.

ஒரு முறை ஒரு ஃப்ளாட்டில் இப்படிப்பட்ட குழாயை அறுத்து எடுக்க வேண்டி வந்தது. அறுத்த துண்டைக் கையில் வைத்துப் பார்த்தால், வெளியே 40 மி.மீ. குழாய், உள்ளே சுற்றிலும் சாம்பல் கலந்த வெள்ளையில் மெழுகு மாதிரி ஒரு படிவம், நடுவில் விரல் நுழையும் அளவுக்கு மட்டும் ஓட்டை. நகத்தால் சுரண்டினால் சோப்புக் கட்டியைச் சுரண்டுவது போலச் சுருள் சுருளாக வந்தது. ஓரத்தில் காபித்தூள், முட்டை ஓட்டுத் துணுக்கு எல்லாம் கல்லில் பதிந்த சிப்பி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தன. அந்த ஓட்டை 12 மி.மீ. இருந்தது என்று வைத்துக்கொண்டால், தண்ணீர் போகும் பரப்பு முழுக் குழாயில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. விட்டம் பாதியானால் பரப்பு கால்வாசி ஆகிவிடும், அதனால்தான் மாதக்கணக்கில் ஒன்றும் தெரியாமல் இருந்துவிட்டு ஒரு நாள் திடீரென்று சிங்க் நிரம்பி நிற்பது போலத் தோன்றுகிறது.

அந்தப் படிவம் வெறும் எண்ணெய் இல்லை. சூடாக இருக்கும்போது திரவமாக இறங்கும் கொழுப்பு, குழாயின் குளிர்ந்த சுவரில் பட்டதும் உறைகிறது. அப்புறம் கொழுப்பு அமிலங்கள் தண்ணீரில் உள்ள கால்சியத்தோடு சேர்ந்து, தண்ணீரில் கரையாத ஒரு வகை சோப்பாக இறுகிப் போகின்றன. 2017-ல் லண்டன் வைட்சேப்பல் பகுதியின் பாதாளச் சாக்கடையில் 250 மீட்டர் நீளத்துக்கு, ஏறக்குறைய 130 டன் எடையில் ஒரு கொழுப்புப் பாறை அடைத்துக்கொண்டது செய்தியாக வந்தது. வீட்டுக் குழாயில் நடப்பதும் அதே வேலைதான், அளவுதான் சின்னது. இதைச் சொல்வதற்குக் காரணம், இப்படி இறுகிப் போனதை ஒரு கெட்டில் வெந்நீரோ ஒரு கரண்டிப் பவுடரோ முழுவதும் எடுத்துவிடாது. பவுடர் நடுவில் இருக்கும் ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக்கும், அவ்வளவுதான். சுற்றியுள்ள படிவம் அப்படியே இருப்பதால் அடுத்த வாரம் புதுப் பிசுக்கு அதன் மேல் சுலபமாக ஒட்டிக்கொள்கிறது. உங்கள் ஒரு வாரக் கணக்கு இதோடு சரியாகப் பொருந்துகிறது.

சரி, இப்போது சோதனை. முதலில் சிங்க் ஓட்டையில் இருக்கும் சல்லடையை எடுத்துவிட்டு, ஓட்டையை மூடி, 10 லிட்டர் தண்ணீரை அளந்து ஊற்றுங்கள். மூடியை எடுத்துவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். நல்ல நிலையில் இருக்கும் 40 மி.மீ. லைனில் இது அரை நிமிடத்துக்குள் போய்விட வேண்டும். எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்து வையுங்கள், பின்னால் தேவைப்படும். கூடவே எப்படி இறங்குகிறது என்றும் கவனியுங்கள். முதல் சொட்டிலிருந்தே மெதுவாக இருந்தால் தடை சிங்க்குக்குப் பக்கத்திலேயே, அதாவது ஓட்டையிலோ டிராப்பிலோ இருக்க வாய்ப்பு அதிகம். முதலில் கொஞ்சம் விறுவிறு என்று இறங்கி அப்புறம் சட்டென்று தளர்ந்தால், காலியாக இருந்த குழாய் அடைப்பு வரைக்கும் நிரம்பி முடிந்தது என்று அர்த்தம். ஒரு மீட்டர் 40 மி.மீ. குழாய் கிட்டத்தட்ட ஒன்றேகால் லிட்டர் பிடிக்கும். ஆகவே வேகமாக இறங்கியது இரண்டரை லிட்டர் என்றால் அடைப்பு இரண்டு மீட்டர் பக்கத்தில் இருக்கலாம். இது தோராயம்தான், ஏனென்றால் நிரம்பும்போதே கொஞ்சம் கசிந்து கீழே போய்க்கொண்டும் இருக்கும். ஆனாலும் அரை மீட்டரா மூன்று மீட்டரா என்று பிரித்துக் காட்டிவிடும், எவ்வளவு நீள ஸ்பிரிங் (குழாய்க்குள் விட்டுச் சுற்றி அடைப்பைக் குடைந்தெடுக்கும் வளையும் கம்பிச் சுருள்) வேண்டும் என்று முடிவு செய்ய அதுவே போதும்.

இன்னொரு சோதனை இதைவிடத் தெளிவானது. டிராப்பைத் திரும்பக் கழற்றுங்கள், அடியில் வாளி வையுங்கள். சிங்க் வழியாகத் தண்ணீரை விட்டு வாளியில் விழுவதைப் பாருங்கள். தாராளமாக விழுந்தால் சிங்க் பக்கம் சரியாக இருக்கிறது. அடுத்து ஒரு சின்னச் சொம்பால் சுவரில் இருக்கும் குழாய்க்குள் நேராகத் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள், பக்கத்தில் துணி வைத்துக்கொண்டு. இரண்டு மூன்று லிட்டருக்குள் எதிர்த்துக்கொண்டு வாய் வரைக்கும் ஏறினால் அடைப்பு சுவருக்கு அந்தப் பக்கம், இதில் சந்தேகமே வேண்டாம். ஏறாமல் போய்க்கொண்டே இருந்தால், கழுவிய டிராப்பைத் திரும்ப மாட்டியதில் ஏதோ கோளாறு. கடைசியாகப் பவுடர் போட்டு எத்தனை நாள் ஆகியிருந்தாலும் இதைச் செய்யும்போது ரப்பர் கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். டிராப்பில் நிற்கும் தண்ணீரில் தோலையும் கண்ணையும் அரிக்கும் பவுடரின் காரம் மிச்சம் இருக்கலாம்.

டிராப்பை மாட்டும்போது நடக்கும் தவறுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புட்டி டிராப் என்றால் உள்ளே ஒரு குட்டிக் குழாய் இறங்கும், அதன் உள்பக்கத்தைக் கழுவ மறந்துவிடுவார்கள். வாஷர் மடிந்து உள்ளே துருத்திக்கொண்டால் அதுவே ஒரு தடை. பிளாஸ்டிக் நட்டைக் கையால் முறுக்கினால் போதும், ஸ்பேனர் போட்டால் மரை கெட்டுவிடும். சிங்க்கிலிருந்து சுவருக்கு மடிப்பு மடிப்பாக இருக்கும் வளையும் குழாயைப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். அதன் ஒவ்வொரு மடிப்பும் பிசுக்குக்கு ஒரு இருக்கை, நடுவில் தொய்ந்தால் அங்கே கசடு தங்கிவிடும். அதை எடுத்துவிட்டு வழவழப்பான குழாயையும் எல்போவையும் (குழாயைத் திருப்பும் வளைவு இணைப்பு) போடுங்கள் என்று தயங்காமல் சொல்வேன். அந்த வளையும் குழாயைச் சுருட்டி டிராப் மாதிரி செய்து, அதைக் கொண்டுபோய்த் தரையில் இருக்கும் இன்னொரு டிராப்பில் விட்டிருப்பதையும் அடிக்கடி பார்க்கிறேன். இரண்டு டிராப்புக்கு நடுவில் காற்று மாட்டிக்கொண்டு தண்ணீரைப் போக விடாது. குழாய் பளிச்சென்று சுத்தமாக இருந்தும் மெதுவாக இறங்குகிற வீடுகளில் இதுவும் ஒரு காரணம்.

அடைப்பு சுவருக்குள் என்று தெரிந்தால் முதலில் பிளஞ்சர், அதாவது கைப்பிடியின் முனையில் ரப்பர் கிண்ணம் உள்ள அமுக்கான். பலர் இதைத் தப்பாகச் செய்துவிட்டுப் பயனில்லை என்று விட்டுவிடுகிறார்கள். இரட்டைத் தொட்டி சிங்க் என்றால் மற்ற ஓட்டையையும், மேல் பக்கம் வழிந்தோடும் ஓட்டை இருந்தால் அதையும் ஈரத்துணியால் இறுக்கி அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் தரும் அழுத்தம் எல்லாம் அந்த வழியாகப் போய்விடும். பாத்திரம் கழுவும் மெஷினின் குழாய் இதில் சேர்ந்திருந்தால் அதையும் கிளிப் போட்டு நெருக்கிவிடுங்கள். கிண்ணம் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் நிற்க வேண்டும், காற்று நசுங்கும், தண்ணீர் நசுங்காது. கிண்ணத்தைச் சாய்த்து உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றிவிட்டு, மேலும் கீழுமாக இருபது தடவை ஒரே சீராக இயக்குங்கள். அமுக்குவதைவிட இழுப்பதுதான் இங்கே வேலை செய்கிறது, படிவம் அசைந்து கழன்று வரும். பவுடர் போட்ட அன்றைக்கு மட்டும் பிளஞ்சர் வேண்டவே வேண்டாம், அந்தக் காரத் தண்ணீர் முகத்தில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து.

பிளஞ்சர் போதாதபோது ஸ்பிரிங். உங்கள் நிலைமைக்கு நான் நம்புவது இதைத்தான். கையால் சுற்றும் 6 முதல் 8 மி.மீ. தடிமனுள்ள, 5 மீட்டர் நீள ஸ்பிரிங் வீட்டு லைனுக்குப் பொதுவாகப் போதும். டிராப்பைக் கழற்றிவிட்டு நேராகச் சுவர்க் குழாயில் விடுங்கள், சிங்க் ஓட்டை வழியாக விட்டால் டிராப்பின் வளைவிலேயே பாதி பலம் போய்விடும். தள்ளக் கூடாது, சுற்றிக்கொண்டே கொடுக்க வேண்டும். வளைவு வந்தால் கெட்டியாக முட்டும், கொஞ்சம் பின்வாங்கிச் சுற்றினால் தாண்டிவிடும். அடைப்பு வந்தால் வேறு மாதிரி இருக்கும், ஈர மண்ணில் கம்பியைத் திருகுவது போல மெதுவாகப் பிடித்துப் பிடித்து விடும். இந்த வித்தியாசத்தைக் கை இரண்டாவது தடவையிலேயே கற்றுக்கொள்ளும். அங்கே நான்கைந்து தடவை முன்னும் பின்னும் சுற்றி, இழுத்துத் துடைத்து, திரும்ப விடுங்கள். முனையில் சாம்பல் நிறத்தில் பிசுபிசு என்று கசடு ஒட்டிக்கொண்டு வந்தால் சரியான இடத்தில்தான் இருக்கிறீர்கள். முடிந்ததும் டிராப்பை மாட்டி, சிங்க்கை விளிம்பு வரை நிரப்பி ஒரேயடியாகத் திறந்துவிடுங்கள், இரண்டு மூன்று தடவை. ஒரு சொம்பு சொம்பாக ஊற்றுவதைவிட இந்த மொத்தத் தண்ணீரின் எடைதான் உதிர்ந்ததை அடித்துக்கொண்டு போகும்.

ரசாயனத்தைப் பற்றி நீங்கள் நேராகக் கேட்டதால் நேராகவே சொல்கிறேன். பலமானதற்குப் போகாதீர்கள். நீங்கள் போட்ட பவுடர் பெரும்பாலும் காஸ்டிக் சோடா, சோடியம் ஹைட்ராக்சைடு. தண்ணீரில் பட்டதும் கொதிக்கும் அளவுக்குச் சூடாகும், கொழுப்பைச் சோப்பாக மாற்றும், அது உண்மைதான். ஆனால் தேங்கிய தண்ணீரில் போட்டால் அடைப்பு வரை போகாமலே நீர்த்துவிடும், அல்லது அடியில் படிந்து கட்டியாகித் தானே ஒரு அடைப்பாகிவிடும். அலுமினியத்தில் பட்டால் அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். அதைவிடப் பலமானது என்று கிடைப்பது அமிலம். காரம் போட்ட குழாயில் அமிலத்தை ஊற்றினால் பொங்கி மேலே தெறிக்கும். பிளீச்சோடு அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு, பிளீச்சோடு அம்மோனியா சேர்ந்தால் குளோராமின், இரண்டும் மூடிய சமையலறையில் நுரையீரலைப் பதம் பார்த்துவிடும். எந்தக் காரணத்துக்காகவும் கலக்காதீர்கள். பிளம்பரைக் கூப்பிட்டால் என்ன போட்டீர்கள், எப்போது போட்டீர்கள் என்று அவர் டிராப்பைத் தொடுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்ட ஒரு வீட்டில் என்னோடு வேலை பார்த்த பையனுக்கு முன்கை முழுக்கக் கொப்பளித்துவிட்டது, அதை என்னால் மறக்க முடியவில்லை.

சமையல் சோடாவும் வினிகரும் நுரைக்கும், ஆனால் நுரைத்து முடிந்ததும் மிஞ்சுவது ஒரு உப்பு கரைந்த தண்ணீர், கொழுப்பை அது கரைக்காது. நாற்றம் குறையலாம், அடைப்பு நீங்காது. கொதிக்கும் தண்ணீர் ஊற்றச் சொல்வதையும் நான் ஏற்பதில்லை. பிவிசி குழாய் 60 டிகிரிக்கு மேல் தொடர்ந்து தாங்காது, 80 டிகிரி பக்கம் மென்மையாகிவிடும், ஒட்டிய இணைப்புகள் தளரும். கை பொறுக்காத சூடு போதும், கொதிக்க வேண்டாம். அதிலும் ஒரு விஷயம், சூடும் சோப்பும் கொழுப்பை உருக்கிக் கொஞ்ச தூரம் தள்ளும், ஆறிய இடத்தில் அது திரும்பவும் ஒட்டும். என்சைம் அல்லது நுண்ணுயிர் வகைத் திரவங்கள் சுத்தமான குழாயைச் சுத்தமாக வைத்திருக்க உதவுவதைச் சில வீடுகளில் பார்த்திருக்கிறேன், சில வீடுகளில் ஒரு வித்தியாசமும் இல்லை. அதனால் அதை உறுதியாகச் சிபாரிசு செய்ய மாட்டேன். ஏற்கனவே இறுகிப்போன அடைப்புக்கு அது பயன்படாது, அதை உறுதியாகச் சொல்வேன்.

ஸ்பிரிங் போட்டுச் சுத்தம் செய்தும் ஒரே மாதத்தில் திரும்ப வந்தால் இரண்டு விஷயங்களைச் சந்தேகப்படுங்கள். ஒன்று வாட்டம். 40 மி.மீ. குழாய் ஒரு மீட்டருக்கு 20 மி.மீ. அளவாவது இறங்கிப் போக வேண்டும். சிங்க்குக்கு அடியில் கண்ணுக்குத் தெரியும் பகுதியில் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். மட்டமாகவோ எதிர்ப்பக்கம் சாய்ந்தோ இருந்தால், எத்தனை தடவை சுத்தம் செய்தாலும் கசடு அங்கே படுத்துக்கொள்ளும். சுவருக்குள் இருக்கும் பகுதியை கேமரா விட்டுத்தான் பார்க்க முடியும். இன்னொன்று காற்று. தண்ணீர் இறங்கும் குழாய்க்குள் காற்று வர வழி வேண்டும். இறங்கும்போது குடகுட என்று சத்தம் வந்து, முடிவில் டிராப்பில் நிற்க வேண்டிய தண்ணீரையும் உறிஞ்சிக்கொண்டு போய், அப்புறம் நாற்றம் அடித்தால் காற்றுக் குழாயில் கோளாறு இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன், பாதி அடைபட்ட குழாயும் இதே சத்தத்தைத்தான் போடும். அதனால் அடைப்பை எடுத்து முடித்த பிறகும் சத்தம் இருந்தால் மட்டும் காற்றைப் பற்றி யோசியுங்கள்.

ஃப்ளாட் என்பதால் இன்னும் ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். உங்கள் வீட்டில் குழாயே திறக்காத நேரத்தில் சிங்க்கில் தண்ணீர் மேலே வந்தால், அல்லது மேல் வீட்டில் தண்ணீர் விடும்போது உங்கள் சிங்க் குமிழிவிட்டால், அடைப்பு உங்கள் வீட்டில் இல்லை, உங்களுக்குக் கீழே பொதுக் குழாயில் இருக்கிறது. அப்போது பிளஞ்சரும் பவுடரும் எடுக்காதீர்கள், தண்ணீர் விடுவதை நிறுத்திவிட்டு மேல் வீட்டாருக்கும் சொல்லி, கட்டட நிர்வாகத்தைக் கூப்பிடுங்கள். மேலும் கீழும் இருக்கும் வீடுகளில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது எப்போதும் நல்லது, அவர்களுக்கும் மெதுவாகத்தான் இறங்குகிறது என்றால் நீங்கள் உங்கள் குழாயைக் குடைந்துகொண்டிருப்பதில் பயன் இல்லை. யார் செலவு என்பது கட்டடத்துக்குக் கட்டடம் மாறும். பொதுக் குழாயில் சேரும் இணைப்பு வரை வீட்டுக்காரர், அதற்கு அப்பால் நிர்வாகம் என்பது பரவலான ஏற்பாடு, உங்கள் கட்டட விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். யாராவது கம்ப்ரஸர் காற்றை விட்டு ஒரு நிமிடத்தில் எடுத்துத் தருகிறேன் என்று வந்தால் அனுமதிக்காதீர்கள். அந்த அழுத்தம் எங்கே எளிதாக வழி கிடைக்கிறதோ அங்கே வெடித்துக்கொண்டு வெளியே வரும். ஒரு கட்டடத்தில் மேலே காற்று விட்டதில் கீழ் வீட்டுச் சிங்க்கிலிருந்து கறுப்புத் தண்ணீர் கூரை வரைக்கும் அடித்தது, அந்த வீட்டில் கைக்குழந்தை இருந்தது, நல்ல வேளை வேறு அறையில்.

உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது, இன்றைக்கே டிராப்பைக் கழற்றிச் சொம்புத் தண்ணீர் சோதனையைச் செய்யுங்கள். சுவர்க் குழாய் எதிர்த்தால் ஸ்பிரிங் போடுங்கள். ஐந்து மீட்டர் உள்ளே போயும் எதுவும் தட்டுப்படாமல் தண்ணீர் மட்டும் எதிர்த்துக்கொண்டே இருந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு, மோட்டார் ஸ்பிரிங் வைத்திருக்கும் பிளம்பரைக் கூப்பிடுங்கள். அதற்கு மேல் தள்ளினால் கம்பி பொதுக் குழாய்க்குள் சிக்கி முறியும். சரியாகிவிட்டால் இனிமேல் எண்ணெய்ப் பாத்திரத்தைக் கழுவுவதற்கு முன் காகிதத்தால் துடைத்துக் குப்பையில் போடுங்கள், நெருக்கமான கண்ணுள்ள சல்லடை ஒன்று வையுங்கள், வாரம் ஒரு தடவை சிங்க் நிறையச் சூடான தண்ணீரை நிரப்பி மொத்தமாகத் திறந்துவிடுங்கள். மாதம் ஒரு தடவை அதே 10 லிட்டர் கணக்கை எடுத்துத் தேதியோடு சிங்க் கதவின் உள்பக்கம் எழுதி வையுங்கள். அரை நிமிடம் ஒரு நிமிடமாகும்போதே ஸ்பிரிங்கை எடுத்தால் பத்து நிமிட வேலை. சோதனையில் எத்தனை லிட்டர் வரை வேகமாகப் போனது, ஸ்பிரிங் எவ்வளவு தூரத்தில் முட்டியது, முனையில் என்ன ஒட்டிக்கொண்டு வந்தது என்று எழுதுங்கள், அதை வைத்து இன்னும் குறிப்பாகச் சொல்லப் பார்க்கிறேன்.